உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் சேர்க்கையையும் கற்றலையும் கணக்கெடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் மாணவர் எண்ணிக்கை 24 என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தால், அந்த ஓர் எண்ணை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள். வாத்தியார் சரியில்லை, அதனால்தான் பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பார் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர். ஊரில் பிள்ளைகளே பிறப்பதில்லை, நாங்கள் என்ன செய்வது என்பார் தலைமையாசிரியர். இரண்டும் ஒரே ஊரில் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். எது எவ்வளவு உண்மை என்பதை வீடு வீடாகப் போய் எண்ணினால்தான் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், வார்டு உறுப்பினர்கள், முன்னாள் மாணவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. தேவைப்படுபவை இரண்டு ஆட்கள், ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, ஏறத்தாழ மூன்று வார மாலைப் பொழுதுகள். வேலையை ஜூலையில் தொடங்குவது நல்லது. ஆகஸ்ட் 1-ஆம் நாள் நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன என்பதால், அதற்கு முன் உங்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தால் பேச்சுக்குப் பலம் கூடும்.

முதல் படி: ஏட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும், நாடு தழுவிய பள்ளித் தகவல் தொகுப்பான யுடைஸில் 11 இலக்கம் கொண்ட ஓர் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். அடுத்து மாவட்டத்துக்கு இரண்டு இலக்கம், ஒன்றியத்துக்கு இரண்டு, ஊருக்கு மூன்று, கடைசியில் பள்ளிக்கு இரண்டு. இந்த எண்ணை யுடைஸ் பிளஸ் தளத்தில் இட்டால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் போன்ற விவரங்கள் கிடைக்கும். மாநிலம் தனக்கென வைத்திருக்கும் எமிஸ் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. அதை வெளியாள் பார்க்க முடியாது என்பதால், வகுப்புவாரி எண்ணிக்கையைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு பள்ளியிலுள்ள சேர்க்கை, நீக்கல் பதிவேட்டில் இருக்கும்.

ஐந்து ஆண்டுகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வகுப்புவாரியாக எழுதி, சாய்வாகப் படியுங்கள்: சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர்? முதல் வகுப்பில் சேருவோர் குறைந்துகொண்டே வந்தால் அது ஒரு நோய். சேர்ந்தவர்கள் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் கழன்றுகொண்டால் அது வேறு நோய். மொத்த எண்ணிக்கை இரண்டையும் ஒன்றாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

பள்ளியை விட்டு நீக்கப்பட்டு வேறு பள்ளியில் இன்னும் சேர்க்கப்படாத பிள்ளையின் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்பு என்னும் இடத்தில் நிற்கும். அங்கே உங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது மாதக்கணக்கில் நிற்கிறார்களா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகும் ஊர்களில் இந்தக் கேள்வியிலிருந்தே பல செய்திகள் வெளிவரும்.

இரண்டாம் படி: பள்ளியை விட்டுவிட்டு ஊரை எண்ணுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஊரின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, மறு முனை வரை எந்தத் தெருவையும் விடாமல், 3 வயது முதல் 10 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் நோட்டில் ஏற்றுங்கள். பெயர், வயது, தந்தை அல்லது தாய் பெயர், படிக்கும் இடம், வகுப்பு, போய்வரும் வழி ஆகிய ஆறு கட்டங்கள் போதும். ஊர்த் தெரு, காலனி, தோட்டத்து வீடுகள், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கியிருக்கும் கொட்டகை என எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். ஒரே சாதியைச் சேர்ந்த இருவர் மட்டும் போனால் சில வாசல்களில் பாதி விடைதான் கிடைக்கும். இருவரில் ஒருவர் பெண்ணாகவும், இருவரும் வேறு வேறு தெருவைச் சேர்ந்தவர்களாகவும் இருப்பது நல்லது.

பட்டியல் முடிந்தவுடன் என்ன தெரியவரும் என்பதைக் காட்ட, கணக்கு விளங்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். அங்கே 5 முதல் 10 வயதுக்குள் 46 பிள்ளைகள். உள்ளூர்ப் பள்ளியில் 21 பேர், வேனில் தனியார் பள்ளிக்குப் போவோர் 17, பக்கத்து ஊர் உதவிபெறும் பள்ளியில் 5, வெளியூரில் பாட்டி வீட்டில் தங்கிப் படிப்போர் 2, எங்கும் போகாதவர் 1. பள்ளிப் பதிவேட்டில் 24 பெயர்கள் இருக்கின்றன. மீதி மூவர் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து வருபவர்கள். ஆக, உள்ளூர்ப் பிள்ளைகளில் 46 விழுக்காட்டினர் இப்பள்ளியில் படிக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே ஊரில் அந்த வயதில் 58 பிள்ளைகள் இருந்து, 27 பேர் உள்ளூர்ப் பள்ளியில் படித்திருந்தால், அன்றைய பங்கு 47 விழுக்காடு. எண்ணிக்கை 27-லிருந்து 21-க்கு இறங்கிவிட்டது. பங்கு ஏறக்குறைய அசையவே இல்லை. பள்ளியை விட்டுப் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்ற பேச்சுக்கு இந்த ஊரில் ஆதாரம் இல்லை, பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை) 1.8, மக்கள்தொகை குறையாமல் நிற்க வேண்டுமானால் அது ஏறத்தாழ 2.1 ஆக இருக்க வேண்டும். அந்தச் சரிவு முதலில் வந்து தட்டும் கதவு முதல் வகுப்பின் கதவுதான். இதற்கு நேர்மாறாக, பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படியே இருந்து பங்கு மட்டும் சரிந்த ஊர்களும் உண்டு. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

மூன்றாம் படி: முடிவு எடுக்கப்படும் வயதில் போய்ப் பேசுங்கள்

மாணவர் சேர்க்கைப் பேரணி என்று கோடையில் பதாகையோடு ஊரைச் சுற்றி வருவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதில் துண்டறிக்கை வாங்கும் தாயின் பிள்ளைக்கு 5 வயது ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை அதற்குள் இரண்டு ஆண்டுகளாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வேனில் போய்ப் பழகியிருக்கும். தனியார் பள்ளி 3 வயதில் பிள்ளையை எடுத்துக்கொள்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளி 5 வயதில் கதவைத் திறக்கிறது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. மாநிலத்திலுள்ள தொடக்கப் பள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது சிறு பகுதியே. எனவே உங்கள் நோட்டில் 3 வயதும் 4 வயதும் உள்ள பிள்ளைகளின் பக்கத்தைத் தனியாகப் பிரித்து, அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். அங்கன்வாடிக்கு எத்தனை பேர் நாள்தோறும் வருகிறார்கள் என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் வகுப்பை இப்போதே சொல்லிவிடும்.

மறுமுனையில் இன்னொரு விநோதம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, கல்லூரி மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆகிய மூன்றுமே 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருப்பதைத்தான் கணக்கில் எடுக்கின்றன. ஐந்தாவது வரைக்கும் தனியார் பள்ளி, ஆறாவதில் அரசுப் பள்ளி என்று கணக்குப் போடும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். விதி அவர்களை அப்படிக் கணக்குப் போடச் சொல்கிறது. ஆனால் அந்த விதியின் நிழல் முழுவதும் விழுவது தொடக்கப் பள்ளியின் மேல்.

பெற்றோரிடம், ஏன் நம் பள்ளியில் சேர்க்கவில்லை என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல் ஆகிவிடும்; ஆங்கிலம் என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். வேன் எத்தனை மணிக்கு வருகிறது, கட்டணம் எத்தனை தவணை, மாலை எத்தனை மணிக்குப் பிள்ளை திரும்புகிறது என்று கேளுங்கள். நான் உட்கார்ந்த ஒரு திண்ணையில், பேத்தியை வேனில் அனுப்பும் பாட்டி சொன்னது இது: "காட்டு வேலைக்கு ஏழரைக்கெல்லாம் போயிரணும் தம்பி. வேன் ஏழே காலுக்கு வாசல்ல வந்து நிக்குது. உங்க பள்ளிக்கூடம் ஒம்பது மணிக்குத்தானே தொறக்குது, அதுவரைக்கும் பிள்ளைய யார் பாக்குறது?" அவர் ஆங்கிலம் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபின், காலையில் சீக்கிரமே பள்ளி வளாகத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, பிள்ளைக்கு உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது என்பதை அந்தப் பாட்டிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே சொல்லப்படாத காரணமும் ஒன்று உண்டு. பல ஊர்களில், அது காலனிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். நோட்டில் தெருவாரியாகக் கணக்கிட்டால் அது எண்ணிலேயே தெரிந்துவிடும். அதை எழுதாமல் விட்டுவிட்டு, ஸ்மார்ட் வகுப்பறை கேட்டு மனுக் கொடுப்பதால் அந்தப் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை.

நான்காம் படி: வருகையைத் தலைகளாக எண்ணுங்கள்

பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறு, பெஞ்சில் இருக்கும் பிள்ளை வேறு. திங்கள், வெள்ளி, திருவிழாவுக்கு மறுநாள், விதைப்பு அல்லது அறுவடைக் காலத்து நாள் ஒன்று என நான்கு நாட்களைத் தேர்ந்து, காலை வழிபாட்டுக்குப் பின்னும் மதிய உணவுக்குப் பின்னும் தலைகளை எண்ணுங்கள். மதியத்துக்குப் பின் எண்ணிக்கை இறங்கும் பள்ளிகளில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குப் போகும் பெண் பிள்ளைகள் யார் யார் என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

மதிப்பெண் பட்டியலை வைத்துத் தொடக்கப் பள்ளியின் கற்றலை அளக்க முடியாது. சிறிய பள்ளியில் விழுக்காட்டுக்கே பொருள் இல்லை: ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேர் இருந்தால், ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்த ஆண்டில் தேர்ச்சி 20 விழுக்காடு விழுந்துவிடும். மாவட்ட அளவில் மாதிரியெடுத்து நடத்தும் தேசிய, மாநில அடைவு ஆய்வுகளும் உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி எதையும் சொல்லா. செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்பது.

ஊர்ப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் ஆய்வில் பின்பற்றப்படும் முறை எளிமையானது. அதே படிக்கட்டை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் தனி எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் நான்கு வரி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள நான்கு வரியைக் கொடுத்துத் தொடங்கி, தடையில்லாமல் வாசித்தால் கதைக்கு ஏற்றுங்கள், திணறினால் சொல்லுக்கு இறக்குங்கள். பிள்ளை நிலையாக நிற்கும் படியே அதன் நிலை. கணக்கிலும் அப்படியே: ஒற்றை இலக்க எண்ணை அறிதல், இரட்டை இலக்க எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல்.

ஒரு எச்சரிக்கை. பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தமிழ்ப் பாடத்தை மணி மணியாகச் சொன்னாள். கண் மட்டும் பக்கத்தில் இல்லை, சன்னலில் இருந்தது. நடுவில் ஒரு வரியை விரலால் காட்டி அதை மட்டும் வாசிக்கச் சொன்னதும் நின்றுவிட்டாள். கொக்கு என்ற சொல்லில் முதல் எழுத்தின் இருபுறமும் இருக்கும் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பார்த்து, கெ, கா என்று உதட்டுக்குள் முணுமுணுத்தாள். அவளுக்குத் தெரியாதது பாடம் இல்லை. ஒகர, ஓகாரக் குறியீடு. ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடிய ஒன்றை யாரும் கவனிக்காமல் இரண்டு ஆண்டுகள் போயிருந்தன. கணக்கிலும் இதே கதைதான்: 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும், கடன் வாங்கத்தான் தெரியாது, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை எடு என்று மனம் சொல்கிறபடி 7-இலிருந்து 2-ஐ எடுத்துவிடுகிறது. விடையைத் தவறு என்று மட்டும் குறித்துவிட்டு நகராமல், என்ன விடை எழுதியது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். ஆசிரியருக்கு உதவும் செய்தி அதில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனையை வகுப்பறையில் நடத்துவதானால் தலைமையாசிரியரின் இசைவு வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை நடத்துவது இன்னும் நல்லது. வேனில் போகும் பிள்ளைகளையும் அதே தாளால் சோதித்துவிடலாம். ஒப்பிடும்போது நிதானம் தேவை: வேனுக்குப் பணம் கட்டும் வீட்டில் படித்த தாயும் மாலை டியூஷனும் இருக்கக்கூடும், ஆகவே வித்தியாசம் முழுவதையும் பள்ளியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதே காரணத்தால், வேன் பிள்ளை தமிழ்ப் பத்தியில் திணறினால் அதையும் ஊருக்கு வெற்றிச் செய்தியாக அறிவிக்க வேண்டாம். எந்தப் பிள்ளையின் பெயரும் நிலையும் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

மாநிலம் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரைக்கும் பின்னர் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. பயிற்சி நூல்களில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். உங்கள் நோட்டிலுள்ள நிலையும் ஆசிரியர் வைத்திருக்கும் நிலையும் பொருந்துகின்றனவா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பொருந்தாத பெயர்களிலிருந்து உரையாடலைத் தொடங்கலாம். பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தங்கள் பிள்ளைகளைத் தெரியும். நாம் கொண்டுபோவதில் புதிதாக இருப்பது வீட்டுச் சூழல் பற்றிய செய்திதான்.

ஆறாம் படி: ஆசிரியர் நாட்களை எண்ணுங்கள்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணிகளும் வேண்டும். ஏட்டில் 24 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்றால் விகிதம் அருமையானது. ஆனால் அந்த இருவர் முன்னால் ஐந்து வகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. தலைமையாசிரியர் வட்டாரக் கூட்டத்துக்குப் போன நாள், மற்றவர் பயிற்சிக்கும் தேர்தல் பணிக்கும் போன நாள், எமிஸ் பதிவேற்றத்தில் கைப்பேசியோடு கழிந்த நாள் என்று கழித்துப் பார்த்தால், இருவரும் முழு நாளும் வகுப்பில் நின்ற நாட்கள் எத்தனை என்பது தெரியவரும். எந்த அரசு படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இருப்பதாக நான் கண்டதில்லை. மூன்று மாதங்களுக்குக் குறித்து வாருங்கள். யாரையும் பிடித்துக் கொடுப்பதற்காக அன்றி, கூட்டங்களை மாலைக்கு மாற்றுங்கள் என்று கேட்பதற்கான ஆதாரமாக.

ஏழாம் படி: தீர்மானமாக மாற்றுங்கள்

சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் அதன் வேலை. உங்கள் கணக்கைக் குழுக் கூட்டத்தில் ஒரே பக்கமாக வையுங்கள். மேலே எடுத்துக்கொண்ட ஊருக்கானால் அந்தப் பக்கம் இப்படி இருக்கும்: ஊரில் 46, பள்ளியில் நம் பிள்ளைகள் 21, மூன்று முதல் ஐந்து வகுப்புகளில் உள்ள 14 பேரில் கதை வாசிப்போர் 5, பத்தி 4, சொல் 3, எழுத்து மட்டும் 2, அடுத்த ஆண்டு 5 வயதாகும் பிள்ளைகள் 6.

தீர்மானங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் யார், எந்த நாளுக்குள் என்பது இருக்கட்டும். எழுத்து, சொல் நிலையில் நிற்கும் அந்த ஐந்து பேருக்கு நாள்தோறும் முக்கால் மணி நேரம் யார் அமர்வது என்பது முதலாவதாக இருக்க வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பின் ஊரிலேயே வகுப்பு எடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண் ஊரில் இருந்தால் அவரிடமே முதலில் கேளுங்கள். அடுத்த ஆண்டு 5 வயதாகும் அந்த 6 பிள்ளைகளின் வீட்டுக்குத் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து போவது இரண்டாவது. கட்டடம், கழிப்பறை, ஆசிரியர் பணியிடம் போன்று ஊரின் கையில் இல்லாதவை மூன்றாவது. இவற்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் அனுப்பி, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஒரு பக்கத்தை ஆகஸ்ட் 15-இல் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அலுவலகத்திலிருந்து பதில் வராவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கட்டண நிலுவைக்காகத் தனியார் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொடுக்க மறுத்தால், அந்தப் பிள்ளையை நம் பள்ளியில் சேர்க்க அது தடையில்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும், வயதுச் சான்று இல்லாததற்காக மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவும் சொல்கின்றன. ஆண்டு நடுவில் வேனை நிறுத்திவிட்டு, பிள்ளையை எங்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் உங்கள் பட்டியலில் இருந்தால், இதை அவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை.

எட்டாம் படி: அதே தாள், அடுத்த ஜூலை

யுடைஸ் கணக்கு செப்டம்பர் 30-ஐ நிலவர நாளாகக் கொள்வதுபோல், நீங்களும் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே வரிசையில் வீடுகளை எண்ணுங்கள். வாசிப்புத் தாளில் கதையை மட்டும் மாற்றுங்கள்; கடினம் மாறக் கூடாது. குழுவின் பதவிக்காலம் முடிந்து புதிய உறுப்பினர்கள் வரும் நாளில், பள்ளிச் சாவியை ஒப்படைப்பது போல இந்த நோட்டையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். அதில் எழுத்து நிலையில் நின்ற அந்த இரண்டு பெயர்களுக்கு எதிரே இப்போது என்ன எழுதியிருக்கிறது என்பதைப் புதியவர்கள் முதலில் பார்க்கட்டும்.